ஃப்ளோ சார்ட் போட்டும் கல்யாணப் பத்திரிகை தாமதமாகிறது, எங்கே தப்பு?

அச்சுமை:
வணக்கம். சின்ன ஊரில் ஆஃப்செட் பிரஸ் வைத்திருக்கிறேன், என்னோடு சேர்த்து நான்கு பேர். முகூர்த்த மாதம் வந்தால் கல்யாணப் பத்திரிகைதான் பாதி வேலை. ஐந்து நாளில் தருகிறேன் என்று அட்வான்ஸ் வாங்கினால் ஒன்பது, பத்து நாள் இழுக்கிறது. மிஷின் போதவில்லை என்று நினைத்து இன்னொன்றுக்கு லோன் கேட்கக் கிளம்பினேன், மைத்துனர்தான் முதலில் ஒரு ஃப்ளோ சார்ட் போட்டுப் பாருங்கள் என்றார். போட்டேன்: ஆர்டர், டைப்பிங், புரூஃப் (கஸ்டமர் பிழை பார்க்கிற மாதிரி), பிளேட், அச்சு, கட்டிங், டெலிவரி. ஏழு கட்டம், நேர்கோடு, பார்க்க லட்சணமாக இருக்கிறது. இதில் எதைச் சரிசெய்வது?

லேத்துப்பட்டறை:
அண்ணே, இது நீங்கள் கஸ்டமரிடம் சொல்கிற கதை, கடையில் நடப்பது இல்லை. முடிவெடுக்கிற இடத்துக்குப் போடுகிற சாய்சதுரம் ஒன்றுகூடக் காணோமே? புரூஃப் சரியா என்று கேட்கிற இடத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கோடு கிளம்பணும், அந்த 'இல்லை' எங்கே திரும்பிப் போகிறது, எத்தனை தடவை போகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அப்புறம், தனியாக உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வரையாதீர்கள். வேஸ்ட் பேப்பரில் படிக்கு ஒன்றாக எழுதிச் சுவரில் ஒட்டி, டிடிபி பையனையும் கட்டிங் போடுகிறவரையும் முன்னால் நிறுத்துங்கள். 'இல்லண்ணே, நடுவுல ஒண்ணு இருக்கு' என்று அவர்களே ஆரம்பிப்பார்கள்.

ஓய்வுபெற்ற ஐஇ (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர்):
நாம் படித்த ஃப்ளோ சார்ட் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கானது, அதில் வேலை சும்மா கிடப்பதைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. தொழிற்சாலைப் படம் வேறு. ஃபிராங்க், லில்லியன் கில்பிரெத் தம்பதி 1921இல் அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்தில் முன்வைத்த புராசஸ் சார்ட்டின் வழி வந்தது. இப்போது வழக்கத்தில் ஐந்து குறிகள்: வட்டம் வேலை, அம்பு இடமாற்றம், சதுரம் சரிபார்ப்பு, ஆங்கில டி எழுத்து காத்திருப்பு, தலைகீழ் முக்கோணம் இருப்பு. ஒரே ஒரு ஆர்டரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போங்கள். ஆர்டர் தாள்கள் போடுகிற ஜாப் கவர் மேல் ஒவ்வொரு கை மாறும்போதும் தேதி, நேரம் எழுதட்டும். பிறகு டி போட்ட இடங்களை மட்டும் கூட்டிப் பாருங்கள். லோனை அதுவரை தள்ளிப்போடுங்கள்.

அச்சுமை:
சார், இரண்டு வாரம் எழுத வைத்தேன். 500 பத்திரிகை ஆர்டர் ஒன்று: டைப்பிங் 50 நிமிடம், பிளேட்டிலிருந்து கட்டிங் வரை அரை நாள்கூட இல்லை, மை காய ஒரு ராத்திரி. புரூஃப் மட்டும் ஐந்து நாள் வாட்ஸ்அப்பில் கிடந்திருக்கிறது! முதல் நாள் இனிஷியல் தப்பு, அடுத்த நாள் தாய்மாமன் பெயர் மேலே வரணும், மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் பெரியப்பா ஊரிலிருந்து வந்து 'என் பேரு எங்கடா' என்று கேட்டு, அதற்குள் மண்டபமே மாறிவிட்டது.

இன்னொன்றும் தெரிந்தது. ஆல்பத்தில் கஸ்டமர் காட்டுகிற அட்டை பாதி நேரம் நம்மிடம் இருக்காது, புரூஃப் ஓகே ஆன பிறகுதான் அட்டை விற்கிற கடைக்குப் போன் போடுகிறோம், பார்சல் வர ஒரு நாள். இது சுவரில் ஒட்டும்போது கட்டிங் அண்ணன் சொன்னது, எனக்கே தெரியாது.

இப்போது அட்வான்ஸ் வாங்கிய அன்றே அட்டைக்குச் சொல்லிவிடுகிறோம். இரண்டு வீட்டுப் பெயர்களும் உறவுமுறையும் வரிசைப்படி எழுத ஒரு ஃபாரம் அடித்திருக்கிறேன். புரூஃபில் ஒரே ஆள் கையெழுத்து, ஐந்து நாள் கணக்கு அந்தக் கையெழுத்திலிருந்துதான். கடைசி நாலு ஆர்டரும் சொன்ன தேதிக்கே போனது. லோன் பேப்பர் மேஜையில்தான் இருக்கிறது.

லேத்துப்பட்டறை:
எல்லாம் சரி, கையெழுத்துப் போட்ட பிறகு பெரியப்பா வந்தால்?

அச்சுமை:
நேற்றுகூட ஒருத்தர் வந்தார். அவருக்கென்று படத்தில் தனியாக ஒரு டி போட்டிருக்கிறேன்.