விளையாட்டு வீரர்களுக்குப் பொன்னாடை போர்த்திய கதை: மதுரைக்காரர்களே, உங்கள் அனுபவம்?

வைகைக்கரையான்:
ஆறேழு வருடம் இருக்கும். எங்கள் தெரு மன்றத்துப் பொங்கல் விழா. மாநிலப் போட்டியில் 400 மீட்டர் ஓடிவிட்டு வந்த பிள்ளையைக் கூப்பிட்டிருந்தோம். சிறப்பு விருந்தினர் வர இரண்டரை மணி நேரம் தாமதம். அதுவரை அவளும் அவள் அப்பத்தாவும் பிளாஸ்டிக் நாற்காலியில். போட்டோ எல்லாம் முடிந்ததும் அப்பத்தா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "தம்பி, இந்தப் பொன்னாடையக் கடையிலயே திருப்பிக் குடுத்தா காசு தருவாகளா? பிள்ளைக்கு ஓடுற ஷூ பிஞ்சு போச்சு" என்றது. ஃபிளெக்ஸில் அவள் படம் தபால்தலை அளவு, எங்கள் படம் ஆளுயரம். "கேட்டுச் சொல்றேன் அப்பத்தா" என்று நழுவிவிட்டேன்.

டீக்கடை பெஞ்சு:
2021 ஜூலை 30, சாயங்காலம் நாலரை. டோக்கியோ ஒலிம்பிக், ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் 4x400 கலப்புத் தொடர் ஓட்டம். சக்கிமங்கலம் ரேவதி. வெறுங்காலில் ஓடிப் பழகியது, பாட்டி வளர்த்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். போனைச் சீனி டப்பாவில் சாய்த்துவைத்து ஏழெட்டுப் பேர் பார்த்தோம். முதலில் ஓடிய அனஸ் கையிலிருந்து குச்சி ரேவதி கைக்கு வந்தபோது டீ ஆற்றுகிறவர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டார். 3 நிமிடம் 19.93 விநாடி, தகுதிச்சுற்று ஹீட்டில் எட்டாவது இடம். "இதுக்குத்தானா இம்புட்டு அலப்பறை?" என்று ஒருத்தர் கிளாஸை வைத்துவிட்டுப் போனார். பதில் வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

பாலமேடு ரோடு:
ஓட்டத்தையே பேசுகிறீர்களே, மாடுபிடி வீரன் கணக்கில் வரமாட்டானா? என் மச்சான் திமிலைப் பிடித்து மூன்று துள்ளலுக்கும் விடவில்லை. இறங்கும்போது தொடையில் கொம்பு. ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் பரிசு அண்டாவை நெஞ்சோடு கட்டிக்கொண்டிருந்தான். அதில்தான் இப்போது என் தங்கச்சி தண்ணீர் பிடிக்கிறாள்.

டீக்கடை பெஞ்சு:
வரமாட்டான் என்று யார் சொன்னது? உங்கள் ஆட்டத்துக்குக் காரும் பைக்கும் பரிசு, அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் தனி அரங்கம். ஓடுகிறவளுக்கு என்ன இருக்கிறது? சண்டைக்கு வராதீர்கள்.

ரயில்வே காலனி:
ஜெர்லின் அனிகாவை விட்டுவிட்டீர்களே! 2022 மே மாதம் பிரேசிலில் நடந்த செவித்திறன் குறைந்தோருக்கான ஒலிம்பிக்கில் பேட்மிண்டனில் மூன்று தங்கம்: ஒற்றையர், கலப்பு இரட்டையர், அணி. அந்தச் சமயம் ஒரு விழாவில் அவர் பெயரைச் சொன்னார்கள். காது கேளாத பிள்ளைகள் இரண்டு வரிசை உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களை ஆட்டினார்கள். அதுதான் அவர்கள் கைதட்டல். மைக் பிடித்தவருக்குப் புரியவில்லை. "சத்தமே வரல, நல்லா தட்டுங்க" என்று மூன்று தடவை கத்தினார். எனக்குத்தான் கூசியது.

ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர்:
நானும் பொன்னாடை போர்த்தியிருக்கிறேன், எத்தனை என்று கணக்கில்லை. அதை விடுங்கள். பெற்றோர் யாராவது இதைப் படித்தால் கவனியுங்கள். போட்டிச் சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். பின்பக்கம் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டிவந்தால் திண்டாடுவீர்கள். மூன்று நகல் எடுத்து வையுங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று அன்றைக்கே பாருங்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. இனிஷியல் தப்பாக இருந்து அலைந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஸ்பைக்ஸ், அதாவது ஆணி வைத்த ஓட்ட ஷூ, வாங்கும்போது பாதம் வளரும் என்று ஒரு சைஸ் பெரிதாக எடுக்காதீர்கள், வளைவில் கால் பிசகும். சிந்தெடிக் தளத்துக்குக் குட்டை ஆணி, மண் தளத்துக்கு நீள ஆணி. ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குக் காலை வெயில் ஏறும் முன்னே போய்விடுங்கள். வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள், ஒரு வாழைப்பழமாவது.

பாலமேடு ரோடு:
மாஸ்டர், யாருமே கேட்கலையே! சரி, வைகைக்கரை, அந்தப் பிள்ளை இப்போது ஓடுகிறதா?

வைகைக்கரையான்:
வீடு மாறிப் போய்விட்டார்கள். இதை எழுதிய பிறகு மனசு கேட்காமல் பொன்னாடைக் கடையில் போய் விசாரித்தேன். திருப்பி எடுக்க மாட்டார்களாம்.