அப்பாவை நடக்க வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அப்பாவுக்கு 71 வயது. குடும்ப டாக்டர் ஒவ்வொரு முறையும் "கொஞ்சம் நடங்க சார்" என்பார். அப்பாவும் தலையாட்டிவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்துவிடுவார்.

போன மாதம் கிளினிக் நர்ஸ் இடுப்பில் மாட்டும் காலடி எண்ணும் கருவியும் ஒரு நோட்டும் கொடுத்தார். முதல் வாரம் வழக்கம்போல இருந்து, எண்ணிக்கையை மட்டும் எழுதச் சொன்னார். தினம் 2,300 அடிதான்! பார்த்ததும் அவருக்கே வெட்கம். இப்போது 3,400 வரை வந்திருக்கிறார். (டாக்டரைவிட நோட்டுக்குத்தான் பயம்.)

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரம் 150 நிமிடம். ஆனால் முழங்கால் வலித்தால் நாலு நாள் எல்லாம் நின்றுபோகிறது. நர்ஸை மறுபடி பார்க்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து நடந்து பலன் கண்டவர்கள் உண்டா? வலி நாட்களில் என்ன செய்தீர்கள்? அப்புறம், கைத்தடியைத் தொடவே மாட்டேன் என்பவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?