சுரங்கக் கோபுரம் பார்வை மேடையானால் மரபு மதிப்பு குறையுமா?

கேள்வி:
வணக்கம். மலேசியாவின் பத்து காஜா அருகே ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன். ஜெர்மனியின் போஹும் நகரச் சுரங்க அருங்காட்சியகக் கோபுரத்தில் ஏறிப் பார்த்த என் மகள், குழியிலிருந்து நிலக்கரியை மேலே இழுத்த கோபுரம் காட்சி மேடையாகிவிட்டால் அதை மரபுச் சின்னம் என்று சொல்லலாமா என்று கேட்கிறாள். உங்கள் கருத்து என்ன?

மறுமொழி 1:
சொல்லலாம், ஐயா. ஏறத்தாழ 71 மீட்டர் உயரமுள்ள அக்கோபுரம் டோர்ட்முண்டின் ஜெர்மானியா சுரங்கத்தில் நின்றது. சுரங்கம் மூடப்பட்டபின், 1970களில், கழற்றிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தன் குழியைப் பிரிந்தது இழப்புதான். ஆனால் உச்சிச் சக்கரங்களும், கம்பிவடத்தின் இழுவையைத் தாங்க இருபுறமும் சாய்ந்து நிற்கும் கால்களும் அப்படியே இருப்பதால், ஆட்களும் கரியும் எவ்வாறு மேலேறின என்பதை ஏறுபவர் கண்ணால் கண்டு புரிந்துகொள்கிறார். அவற்றை அகற்றி மின்தூக்கியும் கைப்பிடியும் மட்டும் வைத்திருந்தால் நான் மறுத்திருப்பேன்.

மறுமொழி 2:
உங்கள் வட்டாரத்திலேயே சான்று உண்டு, அண்ணா. தஞ்சோங் துவாலாங்கின் ஐந்தாம் எண் ஈயக் கப்பல், அதாவது நீரில் மிதந்தபடி வாளிகளால் வெள்ளீய மண்ணைத் தோண்டிய இயந்திரம், 1938இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்தது. இன்று பார்வையாளர்கள் அதில் ஏறி வாளிச் சங்கிலியைக் காணலாம். ஈயலம்பத்தில் (வெள்ளீயச் சுரங்கத்தில்) வேலை செய்த என் தாத்தா அந்த வாளிகளின் இரைச்சலைத்தான் கடைசிவரை பேசிக்கொண்டிருந்தார். ஆகவே மேடையில் நிற்பவருக்கு இயற்கைக் காட்சியோடு, அங்கு உழைத்தவர்களின் வேலைநேரம், கூலி, குடியிருப்பு ஆகியவற்றையும் தமிழில் எழுதிக் காட்ட வேண்டும்.

கேட்டவர்:
நன்றி. வரும் ஞாயிறன்று மகளை அக்கப்பலுக்கு அழைத்துச் செல்கிறேன்.