அமெரிக்க இறக்குமதி வரியால் சிங்கப்பூரில் பள்ளிப் பொருள்களின் விலை ஏறுமா?

செங்காங் அம்மா (நவம்பர் 2025):
வணக்கம். வரும் ஜனவரியில் என் மகன் உயர்நிலை ஒன்றுக்கும் மகள் தொடக்கநிலை ஒன்றுக்கும் செல்கிறார்கள். நியூ ஜெர்சியில் வசிக்கும் என் நாத்தனார், ஆகஸ்ட்டில் பிள்ளைகளுக்குக் காலணியும் புத்தகப்பையும் வாங்கப் போனபோது விலை கூடியிருந்ததாகவும், கடைக்காரர் இறக்குமதி வரியைக் காரணம் காட்டியதாகவும் சொன்னார். ஏப்ரலில் சிங்கப்பூருக்கும் 10 விழுக்காடு வரி விதித்தார்களே, இங்கும் விலை ஏறுமா? எல்லாவற்றையும் இப்போதே வாங்கிவிட வேண்டுமா?

சரக்குக்காரர்:
அக்கா, நான் சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் சுங்கப் பத்திரங்களைத் தயாரிப்பவன். அந்த 10 விழுக்காடு, சிங்கப்பூரிலிருந்து அமெரிக்காவுக்குள் நுழையும் பொருளுக்கு அங்குள்ள இறக்குமதியாளர் தம் அரசுக்குச் செலுத்துவது. நமக்கு வந்து சேரும் பொருளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 2004இலிருந்து தடையற்ற வணிக உடன்பாடு இருந்தும் நம் மீது அதை விதித்தது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

உங்கள் நாத்தனார் சொன்னது முற்றிலும் உண்மை. வியட்நாமிலிருந்து அமெரிக்கா செல்லும் காலணிக்கு, முன்பே இருந்த வரிக்கு மேல் 2025 ஆகஸ்ட் 7 முதல் 20 விழுக்காடு கூடுதல் வரி விதித்தார்கள். அது கடை விலைக்கு அன்று, இறக்குமதி மதிப்புக்கே விதிக்கப்பட்டது. 20 டாலருக்கு இறக்குமதியாகி 60 டாலருக்கு விற்கும் காலணியில் கூடுவது 4 டாலர். அதில் எவ்வளவை வாடிக்கையாளர் தலையில் வைப்பது என்பதைக் கடைக்காரர் முடிவு செய்கிறார். அச்சிட்ட புத்தகங்களுக்கு அந்தக் கூடுதல் வரியிலிருந்து விலக்கு இருந்தது, வெற்று நோட்டுகளுக்கு இல்லை. சீனாவிலும் இந்தியாவிலும் செய்யப்படும் கோடிட்ட நோட்டுகளுக்கோ 2006 முதலே தனியாகக் குவிப்புத் தடுப்பு வரியும் (வெளிநாட்டுச் சரக்கு மிகக் குறைந்த விலையில் வந்து குவிவதைத் தடுக்கும் வரி) இருக்கிறது.

சிங்கப்பூரில் மது, புகையிலை, வாகனம், பெட்ரோலியப் பொருள்கள் ஆகியவற்றுக்கு மட்டுமே சுங்கத் தீர்வை. பைக்கும் காலணிக்கும் நாம் கொடுப்பது 9 விழுக்காடு பொருள், சேவை வரி. 400 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) உட்பட்ட பொருளை வெளிநாட்டிலிருந்து இணையம்வழி வாங்கினாலும், 2023 முதல் அதற்கும் அந்த வரி உண்டு.

அங் மோ கியோ கடை:
எழுதுபொருள் கடை நடத்துகிறேன். என் சரக்கில் பெரும்பகுதிக்கு அமெரிக்க டாலரில்தான் விலைப்பட்டியல் வருகிறது. இவ்வாண்டு வெள்ளியின் மதிப்பு டாலருக்கு எதிராக உயர்ந்ததால், சென்ற வாரம் இறங்கிய பென்சில் பெட்டிகள் சற்று மலிவாகவே கிடைத்தன. என்னை அழுத்துவது கடை வாடகையும் சம்பளமும்தான். அவசரப்பட்டு வாங்காதீர்கள், பள்ளிப் புத்தகப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணன் அக்காவின் பாடநூல்களில் எவை இன்னும் செல்லும் என்று பாருங்கள். பயிற்சி நூலைத்தான் புதிதாக வாங்கியாக வேண்டும்.

உட்லண்ட்ஸ் அப்பா:
கடைக்காரர் ஐயா சொல்வதை ஏற்கிறேன், ஆனால் வரியின் பாதிப்பு விலைச்சீட்டில் மட்டும் வருவதில்லை. நான் வேலை செய்யும் தொழிற்சாலை அமெரிக்காவுக்கு உதிரிபாகங்கள் அனுப்புகிறது. மே மாதத்திலிருந்து மிகைநேர வேலை குறைந்துவிட்டது. காலணியின் விலை ஏறாவிட்டாலும், அதை வாங்கும் பணம் குறைந்திருக்கிறது. இந்நிலையில் இருப்பவர்கள் கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டத்துக்குப் பள்ளி அலுவலகத்தில் விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம். தகுதி பெறும் பிள்ளைகளுக்குப் பாடநூலும் சீருடையும் இலவசம். சென்ற ஆண்டு நானும் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன், இவ்வாண்டு விண்ணப்பித்துவிட்டேன்.

செங்காங் அம்மா:
அனைவருக்கும் நன்றி. பையையும் நோட்டுகளையும் பட்டியலைப் பார்த்து நிதானமாக வாங்கிக்கொள்கிறேன். மகனின் வெள்ளைக் காலணியை டிசம்பர் கடைசி வாரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டேன். ஜூனில் வாங்கியதே இப்போது விரலைக் கடிக்கிறது.