பங்குனியில்தான் பிடிபட்டது: மஞ்சள் வாலாட்டி அனுபவம்

வலசை வரும் சின்னக் குருவிகளில் எனக்கு ரொம்ப நெருக்கமானது மஞ்சள் வாலாட்டி. கானாடுகாத்தான் பக்கம் எங்கள் கண்மாயில் புரட்டாசி கடைசியிலேயே வந்து இறங்கிவிடும். மேய்கிற மாட்டின் குளம்படியை ஒட்டியே ஓடி, எழும்பும் பூச்சியைக் கொத்தும்.

இதில் பல துணையினங்கள் உண்டு, அதாவது ஒரே இனத்துக்குள் கூடு கட்டும் இடத்தைப் பொறுத்து மாறும் பிரிவுகள். முதல் வருஷம் கார்த்திகையில் ஒன்றைப் படம் எடுத்தேன். சாம்பல் தலை, கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு. உடனே 'பீமா' என்ற துணையினம் என்று பதிந்துவிட்டேன். அது தவறு. அந்தப் பருவத்தில் பெட்டைகளும் அந்த வருஷத்து இளம் குருவிகளும் எந்தத் துணையினமானாலும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும்.

சரி, பொறுத்துப் பார்ப்போம் என்று பங்குனி வரை காத்திருந்தேன். ஊர் திரும்புமுன் ஆண்கள் தலை இறகை மாற்றிக்கொள்ளும். அடையாளமே அதில்தான் இருக்கிறது. கண்மாய் வற்றி, மடைப் பக்கம் மட்டும் கொஞ்சம் தண்ணீர். மாடு மேய்த்த ஐயா, "வெள்ளன வாங்க தம்பி, மாடு எறங்குறப்பவே இதுவும் எறங்கிரும்" என்றார். மறுநாள் ஆறு மணிக்கே போய்க் கரையில் உட்கார்ந்தேன்.

மூன்று ஆண்கள் 'துன்பெர்கி' துணையினம். கரும்சாம்பல் தலை, கன்னம் ஏறக்குறைய கறுப்பு, புருவக் கோடு கிடையாது. ஸ்காண்டிநேவியா தொடங்கி வடக்குச் சைபீரியா வரை கூடு கட்டுகிறவை. நிழலில் நின்றால் முழுக் கருந்தலையாகத் தெரியும். 'ஃபெல்டெக்' என்ற இன்னொரு துணையினம் என்று ஏமாந்துவிடாதீர்கள். பால்கன், துருக்கிப் பக்கத்து ஃபெல்டெக்குக்குப் பிடரி வரை ஒரே கறுப்பு. துன்பெர்கிக்குப் பிடரி சாம்பல்.

அப்புறம் வந்தது அசல் பீமா! வெளிர்சாம்பல் தலை, அகலமான வெள்ளைப் புருவம், கன்னத்திலும் வெள்ளை. வோல்கா, கஜகஸ்தான் புல்வெளிக்காரர். 1832-இல் சைக்ஸ் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி இதற்குப் பெயர் வைத்ததே தக்காணத்தில் கிடைத்த குருவியை வைத்துத்தான். அதைப் பார்த்தபோது கை நடுங்கியது, முதல் நாலு படமும் கலங்கிப்போயின.

இன்னொன்று: எலுமிச்சை வாலாட்டி என்ற வேறு இனத்தோடும் குழப்பம் வரும். அதற்குக் கன்னத்தைச் சுற்றி வெளிர் வளையம், இறக்கையில் தடித்த இரண்டு வெள்ளைப் பட்டைகள்.

கார்த்திகையில் எடுத்த அந்தப் படம் இன்னும் இருக்கிறது. பெயரை மட்டும் 'மஞ்சள் வாலாட்டி' என்று மாற்றிவிட்டேன்.