பார்லி ஒயினில் ஈர அட்டை வாசம்: எவ்வளவு கழிப்பது?

வீட்டில் காய்ச்சிய ஆங்கில பாணி பார்லி ஒயினுக்கு மதிப்பெண் போட முடியாமல் முழிக்கிறேன். (பெயரில்தான் ஒயின், உள்ளே இருப்பது கனமான ஏல் வகை பீர்.)

தொடக்க அடர்த்தி 1.100, முடிவில் 1.026, ஆல்கஹால் சுமார் 9.7 சதவீதம். பாட்டிலில் அடைத்து 9 மாதம் ஆகிறது. இருட்டான அலமாரியில், 18 டிகிரி செல்சியஸை ஒட்டி வைத்திருந்தேன்.

10 டிகிரியில் ஊற்றினால் டாஃபி, உலர்திராட்சை, லேசாக ஷெர்ரி (ஸ்பெயின் நாட்டு ஒயின் வகை) என்று அருமையாக இருக்கிறது. கிளாஸ் 15 டிகிரியைத் தாண்டியதும், இனிப்புக்கு அடியில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் எட்டிப்பார்க்கிறது. விழுங்கிய பிறகும் அது நாக்கின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு போக மறுக்கிறது. தொண்டை எரிச்சலோ வெண்ணெய் வாடையோ கிடையாது.

ஸ்னிஃப்டர், ட்யூலிப் என்ற இரண்டு வகை கிளாஸிலும் ஊற்றிப் பார்த்தாயிற்று. கிளாஸை அட்டைப்பெட்டியில் வைத்தாலே இந்த வாடை ஏறும் என்பதால், வெந்நீரில் அலசி, காலி கிளாஸையும் முகர்ந்தேன், சுத்தம். வேறு பாட்டில் திறந்தாலும் அதே கதை. அப்புறம், பெயர் சொல்லாமல் நண்பர்களிடம் நீட்டினேன். ஒருவர் ‘நல்லா முதிர்ந்திருக்கு’ என்றார், இன்னொருவர் ‘ஆக்சிஜன் பட்டுக் கெட்டது’ என்றார். சரியான பஞ்சாயத்து!

பிஜேசிபி (பீர் நடுவர்களுக்கான சான்றிதழ் அமைப்பு) மதிப்பெண் தாளில் மொத்தம் 50, அதில் மணத்துக்கு 12, சுவைக்கு 20. முதிர்ந்த பார்லி ஒயினில் ஷெர்ரி சாயல் குறையில்லை, அட்டை வாசம் குறைதான். இரண்டும் ஒரே கிளாஸில் வரும்போது சுவைக்கான 20-இல் நீங்கள் எவ்வளவு கழிப்பீர்கள்?