எம்ஜிபி முன் லீவர் ஷாக் அப்சார்பர்: ஆயில் ஊற்ற ஊற்றக் காலியாகிறது, பிரிக்கலாமா?

ரோட்ஸ்டர்67 கேட்டது:

வண்டி 1967 எம்ஜிபி ரோட்ஸ்டர் (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்). நான்கு பக்கமும் ஆம்ஸ்ட்ராங் கம்பெனியின் பழைய லீவர் ஷாக் அப்சார்பர்தான் (ஆயில் நிரம்பிய பாடியிலிருந்து வெளியே வரும் ஷாஃப்ட்டில் கை பூட்டிய வகை). முன் இடதில் ஷாஃப்ட் வெளியே வரும் இடம் எப்போதும் ஈரமாக இருக்கிறது. ஆயிலை வாய்வரை ஊற்றினாலும் மூன்று வாரத்தில் இறங்கிவிடுகிறது. அந்த மூலையை அமுக்கி விட்டால் இரண்டு மூன்று முறை ஆடித்தான் நிற்கிறது. பிரேக் பிடிக்கும்போது "டக்" என்று ஒரு சத்தம். பின்பக்கம் இரண்டும் காய்ந்தே இருக்கின்றன, வலது லிங்க் (ஷாக்கின் கையை ஆக்ஸிலோடு இணைக்கும் கம்பி) மட்டும் லொடலொடக்கிறது. சீலை மட்டும் வீட்டில் மாற்ற முடியுமா? கெட்டி ஆயில் ஊற்றினால் போதும் என்கிறார்கள், சரியா? இல்லையென்றால் டெலஸ்கோபிக் (குழாய் வடிவ ஷாக்) கிட்டே போட்டுவிடலாமா?

லேத்துமேசை:

சீல் போனது விளைவு, காரணம் வேறு. இந்த வண்டியில் முன் ஷாக்கின் இரண்டு கைகள்தான் மேல் விஷ்போன், அதாவது சக்கரத்தை மேல்பக்கம் பிடித்து வைக்கும் கை. மோரிஸ் மைனரிலும் இதே ஏற்பாடுதான், அதை வைத்திருப்பவர்களும் படிக்கலாம். பிரேக் பிடித்தாலும் வளைவில் திரும்பினாலும் சக்கரத்தின் விசை அந்த ஷாஃப்ட்டில்தான் இறங்குகிறது. ஷாஃப்ட் ஓடும் துளை நாளடைவில் நீள்வட்டமாகத் தேய்கிறது. ஷாஃப்ட் ஆட ஆரம்பித்தால் எந்தப் புது சீலின் உதடும் அதோடு சேர்ந்து ஓடாது, மறுபடி ஒழுகும். பின்பக்க ஷாக்குக்குச் சக்கரத்தைப் பிடித்து வைக்கும் வேலை இல்லை, அதனால்தான் அவை காய்ந்திருக்கின்றன.

முதலில் சோதியுங்கள். கீழ் ஸ்பிரிங் தட்டின் அடியில் ஜாக்கி வைத்து, டயர் தரையை விட்டு எழும்பும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். ஒருவர் டயரை மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டட்டும். நீங்கள் ஷாஃப்ட் பாடிக்குள் நுழையும் இடத்தில் விரல் வைத்துப் பாருங்கள். ஷாஃப்டே அசைந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. கைகளின் நுனியில், அவை கிங் பின்னோடு (சக்கரம் திரும்பும் செங்குத்து அச்சு) சேரும் ட்ரனியன் மூட்டில் மட்டும் அசைந்தால் அது ரப்பர் புஷ், மலிவு. அதற்கும் கீழே அசைந்தால் கிங் பின் அல்லது வீல் பேரிங். மூன்றையும் குழப்பிக்கொண்டு நல்ல ஷாக்கைக் கழற்றுவது சகஜம். உங்கள் "டக்" சத்தத்துக்கு முதல் சந்தேகம் ஷாஃப்ட் மேல், அடுத்தது ட்ரனியன் புஷ் மேல்.

இன்னொன்று: வாய்வரை ஊற்றாதீர்கள். ஃபில்லர் பிளக் மரையின் அடிமட்டம்வரை போதும். மேலே கொஞ்சம் காற்று இருந்தால்தான் ஆயில் சூட்டில் விரிய இடம் கிடைக்கும்; இல்லாவிட்டால் அது சீலைத் தள்ளிக்கொண்டு வரும். பிளக்கைத் திறக்கும்முன் சுற்றிலும் பிரஷ் போட்டுக் கழுவித் துடையுங்கள். ஒரு மணல் பொடி உள்ளே போய் வால்வு சீட்டில் உட்கார்ந்தால் ஷாக் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யும்.

கருவிப்பெட்டி:

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. மேல் ட்ரனியன் போல்ட்டை எடுத்த நொடியில், கீழ்க்கையை ஸ்பிரிங் கீழே அறைந்து தள்ளும். சேஸியை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, ஸ்பிரிங் தட்டின் அடியில் ஜாக்கியைக் கொடுத்து, ஷாக்கின் கைகள் ரீபவுண்ட் ரப்பரை (கை கீழே இறங்கும்போது தடுக்கும் ரப்பர்) விட்டு எழும்பும்வரை ஏற்றுங்கள். வேலை முடிந்து ட்ரனியன் திரும்பப் பூட்டும்வரை அந்த ஜாக்கியைத் தொடக்கூடாது. ஹப்பைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், பாரம் பிரேக் ஹோஸில் விழ வேண்டாம். ஸ்பிளிட் பின், நட், போல்ட் எடுத்ததும் கைகள் ட்ரனியனை இறுக்கிப் பிடித்திருந்தால், ஒரு கையின் கிளாம்ப் போல்ட்டையும் ஷாஃப்ட் முனையின் நடு போல்ட்டையும் தளர்த்தி விரியுங்கள். நெம்புகோல் வைத்துப் பிளக்காதீர்கள்.

பாடியை கிராஸ்மெம்பரோடு (முன் குறுக்குச் சட்டம்) பிடிப்பவை நான்கு போல்ட்டுகள். திரும்பப் பூட்ட 43 முதல் 45 பவுண்டு-அடி, அதாவது 58 முதல் 61 நியூட்டன் மீட்டர். பின் ஷாக்குக்கு 55 முதல் 60 பவுண்டு-அடி.

லேத்துமேசை:

வீட்டில் செய்யக்கூடியது: மேல் மூடியைத் திறந்து பழைய ஆயிலை வடித்து, மண்ணெண்ணெயில் கழுவி, புது கேஸ்கெட், பாடி முனையில் உள்ள வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்வது. வால்வின் ஸ்பிரிங், வாஷர் வந்த வரிசையிலேயே துணியில் அடுக்குங்கள், போட்டோவும் எடுங்கள். ஷிம் (மெல்லிய வாஷர்) ஒன்று இடம் மாறினாலும் இரண்டு பக்க ஷாக்கும் ஒரே மாதிரி இருக்காது.

வீட்டில் செய்யக்கூடாதது: ஷாஃப்டை வெளியே எடுப்பது. உள்ளே இரண்டு பிஸ்டனையும் மாறி மாறித் தள்ளும் ராக்கர் ஷாஃப்டில் அழுத்திப் பொருத்தப்பட்டது. சுத்தியலால் அடித்தால் ஷாஃப்ட் வளையும், இல்லை பாடி விரியும். பிரஸ் வேண்டும். பிரிக்கும்முன் கை, ஷாஃப்ட், ராக்கர் மூன்றுக்கும் குறி போட வேண்டும். கோணம் ஒரு பல் தவறினால் பிஸ்டன் ஒரு பக்கம் முன்கூட்டியே முட்டும், சக்கரத்தின் பயணம் குறையும்.

பட்டறையில் சொல்ல வேண்டியது: இரண்டு பக்கத் துளையையும் ஒரே செட்டிங்கில் (மெஷினில் ஒருமுறை பிடித்ததைக் கழற்றாமல்) போர் பண்ணி வெண்கல புஷ் இறக்கணும்; புஷ் ஏறிய பிறகு ரீமர் (துளையைத் துல்லியமாகச் சரிசெய்யும் கருவி) போட்டு 0.02 முதல் 0.05 மி.மீ. இடைவெளி விடணும், வெளிப்பக்கம் நைட்ரைல் உதட்டு சீலுக்கு இடம் வெட்டணும். ஷாஃப்டில் சீல் ஓடும் இடத்தில் நகத்தில் தட்டுப்படும் பள்ளம் இருந்தால் ஹார்ட் குரோம் போட்டு கிரைண்டிங். தனித்தனி செட்டிங்கில் போர் செய்தால் புஷ்கள் ஒரே கோட்டில் வராது, ஷாஃப்ட் இறுகும். அதை "புது ஷாக் அப்படித்தான் டைட்டா இருக்கும்" என்று சொல்லித் தருவார்கள். வாங்காதீர்கள்.

ஆயில் விஷயம்: கம்பெனி கேட்டது ஆம்ஸ்ட்ராங் 624 திரவம், கிடைக்காவிட்டால் எஸ்.ஏ.இ. 20 மினரல் ஆயில். ஃபோர்க் ஆயில் ஊற்றலாம், ஆனால் டப்பாவின் "20" எண்ணை நம்பாதீர்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் அது வேறு. 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் (ஆயிலின் கெட்டித்தன்மை அளவு) என்ற எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். கெட்டி ஆயில் தேய்ந்த துளையில் கசிவைக் கொஞ்ச நாள் தாமதப்படுத்தும், அவ்வளவே. குளிரில் ஷாக் கல்லாகிவிடும். தொடர் மேடுபள்ளத்தில் ஸ்பிரிங் திரும்ப நேரம் கிடைக்காமல் முன்பக்கம் தாழ்ந்துகொண்டே போகும். பிரேக் ஆயில் வேண்டவே வேண்டாம்.

கருவிப்பெட்டி:

நிரப்பும் முறை: ஷாக்கை நிமிர்ந்த நிலையிலேயே பெஞ்ச் வைஸில், பொருத்தும் காதுகளில் பிடியுங்கள், பாடியை நசுக்கினால் சிலிண்டர் வளையும். ஆயில் ஊற்றி, கையை முழு ஏற்றம் முழு இறக்கமாக மெதுவாக ஆட்டுங்கள். பிஸ்டன் தலையிலுள்ள ஒருவழி வால்வு வழியாக ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு, காற்றுக் குமிழ் மேலே வரும். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். அரைகுறை வீச்சில் ஆட்டினால் காற்று உள்ளேயே இருக்கும். எதிர்ப்பு தொடக்கம் முதல் முடிவுவரை சமமாக இருக்க வேண்டும். வீச்சின் தொடக்கத்தில் கை லேசாக ஓடிவிட்டுப் பிறகு பிடித்தால் காற்று. எவ்வளவு ஆட்டினாலும் அது போகாவிட்டால் வால்வு சீட்டைப் பாருங்கள். பிறகு வண்டியில் ஏற்றும்வரை சாய்க்காதீர்கள், சாய்த்தால் மறுபடி முதலிலிருந்து.

பின் வலது லிங்க்கைப் பிரித்துப் பழுது பார்க்க வேண்டாம், முழு லிங்க்காகவே புதிது போடுங்கள். லிங்க் கழன்றிருக்கும்போதே ஷாக்கின் கையை ஆட்டிப் பார்த்துவிடலாம்.

பழையஇரும்பு:

டெலஸ்கோபிக் பற்றி யாரும் சொல்லவில்லை. பின்பக்கத்துக்கு அது ஒரு வழிதான். முன்பக்கத்தில் பல கிட்டுகள் பழைய லீவர் ஷாக்கை மேல் விஷ்போனாக அப்படியே விட்டுவிட்டு, வால்வை மட்டும் எடுத்துவிடும். அதாவது தேய்ந்த அந்தத் துளையும் ஷாஃப்ட்டும் வண்டியிலேயே இருக்கும், "டக்" சத்தமும் இருக்கும். புஷ் வேலைக்கு எப்படியும் காசு கொடுத்தே ஆக வேண்டும்.

ரோட்ஸ்டர்67:

சோதித்தேன். இடது ஷாஃப்ட் கண்ணுக்குத் தெரிகிற அளவு ஆடுகிறது, வலதில் ட்ரனியன் ரப்பர் மட்டும். இடதை மட்டும் பட்டறைக்குக் கொடுத்தால் போதுமா?

லேத்துமேசை:

புஷ் வேலை இடதுக்கு மட்டும் போதும். ஆனால் ஆயிலை இரண்டிலும் ஒரே டப்பாவிலிருந்து மாற்றுங்கள். ட்ரனியன் ரப்பர் இரண்டு பக்கமும் புதிது. அதன் போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்குவது சக்கரம் தரையில் நின்ற பிறகு. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே உட்கார்ந்து சீக்கிரம் கிழியும்.